ஸ்டேஷன் மாஸ்டர் பதில்கள்: குடிதண்ணீர் ரயிலில் வந்த ஊர்

சென்ற இதழில், மூடப்பட்ட ஸ்டேஷன்கள் பற்றிய ஒரு கேள்விக்கு நடுவே அமெரிக்காவின் இங்கோமர் என்ற ஊரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மொன்டானா மாநிலத்துப் புல்வெளியில் மில்வாக்கி ரயில்வே உண்டாக்கிய ஊர், குடிக்கிற தண்ணீரும் ரயிலில்தான் வந்தது, இப்போது அங்கே ரயிலே கிடையாது என்று. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸைப் பற்றி எழுதியபோதுகூட இத்தனை கடிதங்கள் வரவில்லை. ஆகவே இந்த முறை இங்கோமர் மட்டும்தான். பாஸ், பென்ஷன், தட்கல் கேள்விகள் அடுத்த இதழில்.

அவ்வளவு தூரத்தில் கிடக்கும் ஊருக்கு நீங்கள் எதற்குப் போனீர்கள்? பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
(வாசகர், கோவில்பட்டி)

பார்க்க ஒன்றும் இல்லை, அதைப் பார்க்கத்தான் போனேன்.

2012 ஜூலை. மகன் சியாட்டிலிலிருந்து மினியாபோலிஸுக்கு வீடு மாறினான். சாமான்கள் லாரியில் போய்விட்டன, நாங்கள் காரில் கிளம்பினோம். பெரிய நெடுஞ்சாலையிலேயே போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான்தான் 12ஆம் எண் சாலை, 12ஆம் எண் சாலை என்று நச்சரித்தேன். ரவுண்டப் என்ற ஊரைத் தாண்டினால் பழைய மில்வாக்கிப் பாதை அந்தச் சாலையோடு ஒட்டியும் விலகியும் வருகிறது. பாதை என்றால் மண்மேடுதான். ரயில் போன தடம் என்பது தெரிந்தவனுக்குத் தெரியும்: அந்த வளைவை மாட்டு வண்டிக்காரனும் போடமாட்டான், ரோடு காண்டிராக்டரும் போடமாட்டான்.

இங்கோமரில் அகலமான மண் தெருக்கள், சில வீடுகள், 1992ல் மூடிய ஒரு பள்ளிக்கூடம், வங்கியாக இருந்து மதுக்கடையான ஒரு செங்கல் கட்டடம். ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெருக்களின் அகலத்தைப் பார்த்தால்தான், இங்கே எத்தனை வண்டிகளை எதிர்பார்த்தார்கள் என்று புரிகிறது.

பழைய பாதை மேட்டை நடந்து கடந்தோம். நான் நின்று இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், அப்புறம்தான் காலை வைத்தேன். மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தண்டவாளம் எடுத்து முப்பது வருஷம் ஆன இடம் அது.

மரம் இல்லை, ஆறு இல்லை என்கிறீர்கள். அந்த இடத்தில் ஊர் வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தான்?
(வாசகர், பொள்ளாச்சி)

ரயில்வே என்ஜினியர்தான். அவர் ஊருக்கு இடம் பார்க்கவில்லை, ஸ்டேஷனுக்கு இடம் பார்த்தார்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் கிராசிங் ஆக வேண்டுமென்றால் சில மைலுக்கு ஒன்று ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன் வேண்டும். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர், கரி வேண்டும். பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் கை டிராலியில் போய்த் திரும்பும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். இவ்வளவையும் கணக்குப் போட்டு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர், பக்கத்தில் மனை பிரித்து விற்பனை. மில்வாக்கிக்கு மனை விற்பதற்கென்றே ஒரு துணைக் கம்பெனி இருந்தது.

வடமேற்கு அமெரிக்காவில் ஏற்கெனவே இரண்டு ரயில்வேக்கள் பசிபிக் கடற்கரை வரை ஓடிக்கொண்டிருந்தன. நார்தர்ன் பசிபிக் 1883லும், கிரேட் நார்தர்ன் 1893லும் முடிந்தவை. மூன்றாவதாக மில்வாக்கி 1906ல் இறங்கி 1909 மே மாதம் பாதையை முடித்தது. 1905ல் போட்ட மதிப்பீடு 6 கோடி டாலர். கடைசியில் ஆன செலவு 23 கோடிக்கும் மேல். நம்ம ஊர் மேம்பாலக் கணக்கெல்லாம் இதற்கு முன் தூசு. முதலில் வந்த நார்தர்ன் பசிபிக்குக் கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தை அரசாங்கம் தானமாகக் கொடுத்திருந்தது. மூன்றாவதாக வந்த மில்வாக்கிக்கு ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. போட்ட பணத்தை எடுக்க அதற்குச் சரக்கு வேண்டும். சரக்கு வேண்டுமென்றால் வயல் வேண்டும், வயலுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களையும் ரயில்வேயே கூட்டிக்கொண்டு வந்தது. அதில் முளைத்ததுதான் இங்கோமர். வடக்கே மிசௌரி, தெற்கே யெல்லோஸ்டோன், மேற்கே மஸல்ஷெல் என்று மூன்று ஆறுகளுக்கு நடுவில் உள்ள பெரும் வெளிக்கு இதுதான் சந்தையும் ஸ்டேஷனும். மூன்று ஆறும் ஊரைத் தொடவில்லை.

கிணறு தோண்டியிருக்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். போர் போட்டால் தண்ணீர் வராத இடம் உண்டா?
(வாசகி, தேனி)

தண்ணீர் வரும், குடிக்கத்தான் முடியாது. அந்தப் பகுதியில் அடியில் இருப்பது பழைய கடலடிச் சேறு இறுகிய களிப்பாறை. அதிலிருந்து ஊறுவது உவர்ப்பும் காரத்தன்மையும் கலந்த தண்ணீர். மனிதனுக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் ஆகாது. பாய்லருக்குள் சுண்ணாம்பு மாதிரிப் படிவு கட்டும், கொதிக்கும்போது நுரை தள்ளும். என்னுடைய ஆரம்ப காலத்தில் ஒரு ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன்கள் எந்த ஸ்டேஷன் தண்ணீர் 'நல்லது', எந்த ஸ்டேஷன் தண்ணீர் 'சண்டாளன்' என்று பட்டியல் வைத்திருந்தார்கள்.

அதனால் மில்வாக்கிக்காரர்கள் நல்ல தண்ணீரை டேங்க் வேகனில் கொண்டுவந்து இங்கோமரில் நிறுத்தினார்கள். ஊர் ஜனம் அதில்தான் பிடித்துக்கொண்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் தண்ணீர் வந்ததைப் பார்க்க ஜனங்கள் கூடினார்கள், டி.வி.க்காரர்கள் வந்தார்கள். சென்னைக்கு அது ஒரு கோடையின் அவசரம். இங்கோமருக்கு அது வழக்கம். வண்டி லேட் என்றால் அடுப்பில் உலை லேட்.

320 ஏக்கர் நிலம் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் மூன்று ஏக்கருக்குக் கோர்ட்டுக்கு அலைகிறோம். அதை விட்டுவிட்டா ஓடினார்கள்?
(வாசகர், விழுப்புரம்)

உங்கள் வழக்கு நல்லபடி முடியட்டும். ஓடினார்கள் என்பது உண்மைதான்.

1909ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். வறண்ட மாநிலங்களில் அது போதாது என்று 320 ஆக்கினார்கள். வீடு கட்டி, குடியிருந்து, உழுது காட்டினால் பட்டா. 1912ல் குடியிருக்க வேண்டிய காலத்தையும் ஐந்து வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். மில்வாக்கி ரயில்வே ஒரு விளம்பரப் புத்தகம் போட்டது. அட்டையில் ஒருவர் மொன்டானா வரைபடத்தின் மேல் ஏர் ஓட்டுகிறார், கொழு கிளறுகிற மண்ணிலிருந்து தங்கக் காசுகள் எழும்பி விழுகின்றன. மினசோட்டா பண்ணையாட்கள், நார்வே, ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், கடை குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியைகள் என்று எல்லோரும் புறப்பட்டார்கள். மணமாகாத பெண்களும் தங்கள் பெயரில் நிலம் எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொண்டார்கள். ஒரு ரயில் சரக்குப் பெட்டியைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, ஒரு பக்கம் மாடு, குதிரை, மறுபக்கம் கட்டில், அடுப்பு, ஏர் என்று ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். 1911க்கும் 1917க்கும் இடையில் இங்கோமர் வட்டாரத்தில் மட்டும் வருஷத்துக்குச் சராசரியாக 2,500 பேர் நிலத்துக்கு மனு போட்டார்கள். அவர்கள் வருமுன் அந்த நிலம் காலியாகவா கிடந்தது என்று கேட்டால், இல்லை. காட்டெருமைகளும் அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளும் இருந்தார்கள். 1880களுக்குள் எருமைகளைச் சுட்டுத் தீர்த்து, ஜனங்களை ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைத்துவிட்டார்கள். விளம்பரப் புத்தகம் அதைச் சொல்லவில்லை.

இப்போது மழைக் கணக்கு. அங்கே சராசரியாக வருஷத்துக்கு ஓர் அடிக்குச் சற்று மேல் பெய்யும். நம் தூத்துக்குடிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இவர்கள் வந்து இறங்கிய வருஷங்கள் நல்ல மழை வருஷங்கள். போதாததற்கு ஐரோப்பாவில் யுத்தம், கோதுமை ஒரு புஷல் (ஏறக்குறைய 27 கிலோ) 2 டாலருக்கு மேல் போனது. கடன் வாங்கி இன்னும் நிலம், கடன் வாங்கி டிராக்டர். புல்லின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டார்கள். ஆழமாக உழுது, மேல்மண்ணைப் பொடியாக வைத்திருந்தால் ஈரம் காக்கும் என்று அப்போது ஒரு பாடம் நடத்தினார்கள். மழை பெய்யும் வரைக்கும் அந்தப் பாடம் சரியாகத்தான் இருந்தது.

1917ல் மழை தவறியது. அடுத்த வருஷமும் தவறியது. 1919 எல்லாவற்றையும்விட மோசம். யுத்தம் முடிந்து 1921க்குள் கோதுமை விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பொடியாக்கி வைத்த மண் காற்றில் எழுந்து போனது. 1920 முதல் 1926 வரை மொன்டானா வங்கிகளில் ஏறக்குறைய பாதி திவால். இங்கோமர் வங்கி 1921லேயே கதவைச் சாத்தியது. அதே வருஷம் ஊரில் பெரிய தீ விபத்தும் நடந்தது. தீயை அணைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1920ல் 5,48,889 ஆக இருந்த மொன்டானா மக்கள்தொகை 1930ல் 5,37,606. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் ஆள் குறைந்த ஒரே மாநிலம் அதுதான்.

இலவச நிலத்தின் விலை என்ன என்று கேட்டால், என் கணக்கில் ஒரு குடும்பத்தின் பத்து வருஷம்.

பிரெய்ரி என்பதற்குத் தமிழில் ஒரே சொல் சொல்ல முடியுமா?
(ஆசிரியை, கும்பகோணம்)

பாடப்புத்தகத்தில் பிரெய்ரி புல்வெளி என்றே போடுகிறார்கள், அதுவே இருக்கட்டும். திணை பார்த்துத்தான் சொல்ல வேண்டுமென்றால், மேய்ச்சல்காரன் இருந்தவரை முல்லை. ஏர்க்காரன் வந்த பிறகு பாலை.

இங்கோமருக்கு அடுத்த ஸ்டேஷன் சுமத்ராவாமே! ராஜேந்திர சோழன் அங்கும் போனாரா?
(வாசகர், ஜெயங்கொண்டம்)

போயிருந்தால் ஓர் ஏரியாவது வெட்டியிருப்பார்.

புள்ளிக்குப் பெயர் வைப்பது ரயில்வே அதிகாரிகளின் பொழுதுபோக்கு. வடக்கே கிரேட் நார்தர்ன் பாதையில் மால்டா, கிளாஸ்கோ, ஜூரிக், ஹார்லெம் எல்லாம் இருக்கின்றன. உலக உருண்டையைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடி விரல் வைத்த இடத்தின் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். மில்வாக்கிப் பாதையில் சுமத்ராவுக்கு மேற்கே மெல்ஸ்டோன் இருக்கிறது. மெல்வில் ஸ்டோன் என்ற செய்தி நிறுவனத் தலைவர் மில்வாக்கி தலைவரோடு அந்த வண்டியில் வந்தார், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சுமத்ராவிலும் இன்று ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இங்கோமருக்குக் கிழக்கே வனாண்டா என்று ஓர் ஊர் இருந்தது. பெரிய செங்கல் பள்ளிக்கூடம் ஒன்று புல்லுக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கிறது. வகுப்பு எடுக்க வாத்தியாரும் இல்லை, பையனும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற லோகோ பைலட். இங்கோமர் மின்மயப் பாதையில் இருந்த ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். மில்வாக்கியின் மின்பாதை ஹார்லோட்டனில்தானே தொடங்குகிறது?
(வாசகர், அரக்கோணம்)

நீங்கள் சொல்வது சரி. தவறு என்னுடையது. மில்வாக்கி என்றாலே எனக்கு மின்சார இன்ஜின்தான் கண்ணில் நிற்கும், அந்த வேகத்தில் எழுதிவிட்டேன். ஹார்லோட்டன் இங்கோமருக்கு மேற்கே, கிட்டத்தட்ட 140 மைல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ராக்கி மலைகளைத் தாண்டி ஐடஹோ மாநிலத்து ஏவரி வரை 438 மைல் தூரம் 3,000 வோல்ட் டி.சி. 1915 கடைசியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். நம்ம கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931ல்தான் வந்தது என்பதை வைத்துப் பாருங்கள். கிழக்கே இங்கோமர் பக்கம் ஓடியது நீராவி, பிறகு டீசல்.

உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி சோவியத் ரஷ்யாவுக்காக 20 மின்சார இன்ஜின்கள் செய்தது. பனிப்போர் முற்றியதால் அனுப்ப முடியவில்லை. அதில் 12ஐ மில்வாக்கி வாங்கிப் போட்டது. ஜோசப் ஸ்டாலினை நினைத்து அவற்றுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் 'லிட்டில் ஜோ'. ஸ்டாலின் பெயரில் அமெரிக்க மலையேறிய இன்ஜின்!

இனி வருத்தமான பகுதி. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது, கச்சா எண்ணெய் விலை சில மாதத்தில் நாலு மடங்கு ஆனது. உலகமே டீசலைப் பார்த்துப் பயந்த அந்த நேரத்தில், 1974 ஜூனில் மில்வாக்கி தன் மின்பாதையை நிறுத்திவிட்டு முழுக்க டீசலுக்குப் போனது. கம்பியைச் செம்பு விலைக்கு விற்றுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணம். நான் ஒரு சாதாரண ஸ்டேஷன் மாஸ்டர், பெரிய நிர்வாகிகளைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனாலும் இதைப் படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. ஒரே திசைக்கு மூன்று ரயில்வே என்பது ஆரம்பத்திலிருந்தே ஒன்று அதிகம். மில்வாக்கி 1925லும் 1935லும் ஏற்கெனவே திவாலாகி எழுந்தது. சாலை வந்தது, லாரி வந்தது. 1961ல் பசிபிக் கடற்கரை வரை போன பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். 1970ல் போட்டி ரயில்வேக்கள் இரண்டும் சேர்ந்து பர்லிங்டன் நார்தர்ன் ஆகிவிட்டன. பணமில்லாததால் பாதையைப் பராமரிக்கவில்லை, பராமரிக்காததால் ஊருக்கு ஊர் காஷன் ஆர்டர், அதாவது மெதுவாகப் போ என்ற உத்தரவு. நடக்கிற வேகத்தில் சரக்கு போனால் எந்த வியாபாரி கொடுப்பான்? 1977 டிசம்பரில் மூன்றாவது திவால். 1980 ஆரம்பத்தில் மைல்ஸ் சிட்டிக்கு மேற்கே ரயில் நின்றது. இங்கோமர் அந்தப் பக்கம்தான். அப்புறம் தண்டவாளத்தையும் உருவிவிட்டார்கள்.

ஆனால் ரயில் போனதால் ஊர் செத்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1921ஐப் பாருங்கள், ரயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே விவசாயி போய்விட்டான். டீசல் வந்ததும் இன்ஜினுக்கு இந்த ஊர்த் தண்ணீரும் வேண்டாம், கரியும் வேண்டாம். ஸ்டேஷனுக்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்ற பிறகுதான் ஸ்டேஷன் போனது. நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷன்களில் ஒன்று அப்படித்தான் மூடியது. ரயில் ரிஜிஸ்டரில் கடைசி வரியை எழுதியவன் நான். அந்த வழியே வண்டி இன்றைக்கும் போகிறது, நிற்பதில்லை.

மழையே இல்லாத ஊரில் வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்தது என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?
(வாசகர், அரியலூர்)

நீங்கள் அரியலூரிலிருந்து கேட்பதால் உங்களுக்குப் புரியும். 1938 ஜூன் 19 இரவு, இங்கோமருக்குக் கிழக்கே மைல்ஸ் சிட்டியைத் தாண்டி கஸ்டர் கிரீக் என்ற ஓடை. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் ஓடை. அன்று மேலே எங்கோ கொட்டிய மழையில் திடீர் வெள்ளம் வந்து பாலம் நிற்கவில்லை, மில்வாக்கியின் ஒலிம்பியன் எக்ஸ்பிரஸ் அதில் இறங்கியது. குறைந்தது 47 பேர் இறந்தார்கள். 1956 நவம்பரில் உங்கள் ஊர் மருதையாற்றில் நடந்ததும் இதேதான். வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும் ஆற்றைத்தான் ரயில்வேக்காரன் அதிகம் பயப்பட வேண்டும்.

எல்லாம் போன பிறகும் அந்த ஊர் வரைபடத்தில் இருப்பது எப்படி?
(வாசகர், ராமநாதபுரம்)

ஆட்டால். விவசாயி வருவதற்கு முன்பே அந்த வெளியில் செம்மறி மேய்ந்தது, விவசாயி போன பிறகும் மேய்ந்தது. இங்கோமர் தன்னை வட அமெரிக்காவின் உரோமம் கத்தரிக்கும் தலைநகர் என்று சொல்லிக்கொண்டது. நல்ல வருஷங்களில் 20 லட்சம் பவுண்டு கம்பளி அங்கிருந்து ரயிலேறியது. கத்தரிக்கும் கொட்டகையும் கிடங்கும் 1975 வரை இருந்தன. செம்மறிக்குப் பட்டா வேண்டாம், தங்கக் காசு வேண்டாம், புல் போதும். உங்கள் மாவட்டத்துக் கிடைக்காரர்களிடம் கேட்டிருந்தால் இதை 1909லேயே சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு காரணம் அந்த மதுக்கடை. 1914ல் கட்டிய வங்கிக் கட்டடம், மதுவிலக்கு நீங்கிய 1933ல் பார் ஆனது. 1948ல் ஜெர்சி லில்லி என்று பெயர் வைத்தார்கள். லில்லி லாங்ட்ரி என்ற இங்கிலாந்து நடிகையின் பட்டப்பெயர் அது. டெக்சஸில் ராய் பீன் என்ற நீதிபதி முதலில் தன் கடைக்கு அதை வைத்துக்கொண்டார், இவர்கள் அவரைப் பார்த்து வைத்தார்கள். பீன் நீதிபதியின் கடைப் பெயரை வாங்கிய கடை பீன்ஸ் சூப்புக்குப் பேர் போனது என்பது தற்செயலோ என்னவோ.

சார், அங்கே மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? சைவமா கிடைத்தது?
(வாசகி, மயிலாப்பூர்)

பீன்ஸ் சூப்பில் என்னென்ன விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் நான் தொடவில்லை. மகன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். ஆட்டிடையர் பலகாரம் என்று ஒன்று இருந்தது, அதைக் கேட்டேன். உப்பு பிஸ்கட், அதன் மேல் ஒரு துண்டு சீஸ், ஒரு வட்டம் ஆரஞ்சு, ஒரு வட்டம் பச்சை வெங்காயம். மேய்ச்சல் வண்டியில் நாள்கணக்கில் கெடாமல் இருக்கும் சாமான்கள் இவ்வளவுதான். முதல் கடியில் கண்ணில் தண்ணீர் வந்தது, மூன்றாவதிலிருந்து பிடித்துவிட்டது. ஆறு சாப்பிட்டேன்.

ஊருக்கு வந்து வீட்டம்மாவுக்கு அதைச் செய்து காட்டினேன். பிஸ்கட்டும் ஆரஞ்சும் சாப்பிட்டுவிட்டு, வெங்காயத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். ராத்திரி சாம்பாரில் அது இருந்தது.